பார்சல் வந்து சேர்ந்தது

பாப்பாவுக்கு,

பார்சல் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. நன்றாகத்தான் சுற்றி அனுப்பியிருக்கிறாய், கடிகாரத்தின் டயலில் ஒரு கீறல் இல்லை. உள்ளே ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். பெட்டிமேல் இருந்த முகவரி புதிதாக இருந்தது. அம்மாவிடம் காட்டவில்லை. சரிபார்க்க அனுப்பியிருக்கிறாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்மூடியைத் திருகித் திறந்து பார்த்தேன். ரயில்காரர்களுக்கென்று செய்த பாக்கெட் கடிகாரம், ஹாமில்டன் 992, 21 கல், லங்காஸ்டரில் செய்தது. அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது. எண்ணெய்தான் காய்ந்து பிசினாகக் கிடக்கிறது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததற்குச் சாவி கொடுக்கக் கூடாது, எண்ணெய் இல்லாமல் ஓடினால் சக்கரத்தின் முனைகள் தேயும் என்று. ஓடுகிற கடிகாரம் என்றால் தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். அங்கே யாரும் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தை வெட்டிவிட்டார்கள். நாலு ஞாயிறாக நீ பேசவில்லை. வேலை இருக்கும், தெரியும். இரண்டு நிமிஷம் கிடைக்காதா?

பென்சில்வேனியாவில் கொலம்பியா ஊர்க் கடிகார மியூசியத்துக்குப் போன வருஷம் உனக்குப் பத்து வயது. அப்புறம் ஒரு சந்தையில், இந்தக் கடிகாரத்தில் முள்ளை எப்படித் திருப்புவது என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே நீ கண்ணாடி வளையத்தைக் கழற்றி, டயல் ஓரத்து லீவரை நகத்தால் இழுத்துக் காட்டினாய். மேல் குமிழை இழுத்தாலே முள் நகருமென்றால் தெரியாமல் நேரம் மாறி ரயில் மோதிவிடும் என்றும் சொன்னாய். கிப்டன் விபத்தையும் நீயே சொன்னாய். நம் ஒஹாயோவிலேயே, ஓபர்லின் தாண்டி, 1891 ஏப்ரலில் இரண்டு ரயில்கள் மோதியது. ஓட்டுநரின் கடிகாரம் நாலு நிமிஷம் நின்று மறுபடி ஓடியதாகச் சொல்கிற கதை. அதன்பின் நம் கிளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் ரயில் கடிகாரங்களுக்குக் கொண்டுவந்த கண்டிப்பு, வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது என்பது. சுற்றி நின்றவர்கள் வாய் மூடாமல் கேட்டார்கள். எனக்கு அன்று கால் தரையில் இல்லை.

திரும்பும்போது காரில் கேட்டாய்: "நின்னுபோனது அவருக்கு எப்படிப்பா கேக்காம போச்சு?" என்ன சொன்னேனோ, நினைவில்லை. செவ்வாயிலிருந்து அதுதான் மனசில் ஓடுகிறது.

இதை மாப்பிள்ளைக்குக் கொடுத்தது என் தப்பு, பாப்பா. லீவர் எங்கே என்று தெரிந்தவள் நீ. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளைக்குத்தான் செய்ய வேண்டும் என்று செய்தேன். நீ பக்கத்தில் நின்று அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கவனித்தேன். கவனித்துவிட்டு போட்டோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு நானே எடுத்து வருகிறேன். புது முகவரிக்கே வருகிறேன். இது உன்னுடையது, யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை. அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்று மட்டும் முன்னால் சொல்லிவிடு. ராத்திரி எந்நேரமானாலும் போன் எடுப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா