மேளத்துக்குப் பின்னால் இருந்த மகன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. பெரியப்பா வீட்டு விவகாரமும் ஒருவழியாக முடிந்தது, விவரம் அவளே சொல்லுவாள். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. சென்ற முறை வந்திருந்தபோது, “நேரம் கிடைக்கும்போது பாருங்கப்பா” என்று அலமாரியில் வைத்துவிட்டுப் போனாயே லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கச்சேரி டிவிடி, அதை இப்போதுதான் பார்த்தேன். இரண்டு வருடமாக அதன் மேல் படிந்த தூசியைத் துடைத்தேனே தவிர, பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு உன் அழைப்பு வராமல் போன நான்காவது வாரம், பத்து மணிக்கு மேலும் உறக்கம் பிடிக்காமல் அதை எடுத்துப் போட்டேன். இதுவரை மூன்று முறை பார்த்தாயிற்று.

நீ இருக்கும் லண்டனிலேயே, கிரீனிச் பக்கத்து ஓ2 அரங்கில், 2007 டிசம்பர் 10 அன்று நடந்தது. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஹ்மெட் எர்டெகுனின் நினைவுக்காக பிரிந்துபோனவர்கள் அந்த ஓர் இரவுக்கு மட்டும் மறுபடி சேர்ந்தார்கள் என்பதும், டிக்கெட் கேட்டு 2 கோடி விண்ணப்பங்கள் குவிந்தன என்பதும், கிட்டார் வாசிக்கும் ஜிம்மி பேஜுக்கு விரல் முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போனது என்பதும் நீ சாப்பிடும்போது சொன்னவைதான். அப்போது நான் செய்தித்தாளில் கண்ணை வைத்துக்கொண்டு வெறுமனே தலையாட்டினேன். ஆனால் நீ சொன்ன ஒரு சொல்லையும் நான் தவறவிடவில்லை.

இந்தச் சங்கீதத்தை இரைச்சல் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாடகர் ராபர்ட் பிளாண்டுக்கு அன்று 59 வயது, பேஜுக்கு 63. பல பாட்டுகளில் சுருதியை இறக்கிக்கொண்டு, எட்டாத உச்சத்துக்குத் தொண்டையைக் கிழித்துக்கொள்ளாமல், இருக்கும் குரலை நிறைவாகப் பாடுகிறார் பிளாண்ட். வயதை மறைக்காமல் பாடுவதைக் கேட்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ‘காஷ்மீர்’ என்ற பாட்டில் டிரம்ஸ் நான்கு நான்காக நடக்க, கிட்டார் மூன்று மூன்றாகச் சுழன்று, பன்னிரண்டில் இரண்டும் சேர்வதை நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக நீ பென்சிலால் தட்டிக் காட்டிய அதே கணக்கு.

ஆனால் மூன்று முறையும் என் கண் போனது டிரம்ஸ் வாசித்த ஜேசன் போன்ஹாம் பக்கம்தான். 1969இல் வந்த முதல் இசைத்தட்டின் முதல் பாட்டையே அன்றைக்கும் முதலில் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாட்டில்தான் அவருடைய தந்தை ஜான் போன்ஹாம், ஒற்றைக் காலால் பெரிய டிரம்மை மிதித்து, இரண்டு கால் வேலையைச் செய்தார் என்று நீ எனக்கு விளக்கியிருக்கிறாய். தந்தை பெயர் வாங்கிய அந்த இடத்தை, 41 வயது மகன், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, மேடை ஏறிய முதல் நிமிடத்திலேயே தாண்டியாக வேண்டும். தாண்டிவிட்டார். மற்ற மூவரும் அவ்வளவு பெரிய மேடையை விட்டுவிட்டு டிரம்ஸைச் சுற்றி நெருங்கி நெருங்கி வந்து நிற்கிறார்கள். தந்தையின் புகழ்பெற்ற தனியாவர்த்தனத்தை அன்று அவர் வாசிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அதைத் தந்தைக்கே விட்டுவைத்தார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தந்தை 1980 செப்டம்பர் 25 அன்று இறந்தார். ஒத்திகை நாளன்று காலையிலிருந்து வோட்கா. இரவு பேஜின் வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சுமார் 40 பெக் அளவு குடித்திருந்தார் என்று விசாரணையில் வந்தது. மறுநாள் போய்ப் பார்த்து முதலில் கண்டவர்களில் ஒருவர், குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ். அதே ஜோன்ஸ்தான் 27 வருடம் கழித்து இந்த மேடையில் அந்த மகனின் பக்கத்தில் நின்று வாசிக்கிறார். தந்தை போனபோது ஜேசனுக்கு வயது 14. போனவருக்கு 32. வருகிற ஆவணியில் உனக்கு 32 நிறைகிறது. அம்மா இப்போதே அர்ச்சனைக்கு நாள் குறித்துவிட்டாள்.

வேலை அதிகம் என்கிறாய். இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, வெறும் வயிற்றோடு படுக்காதே. அந்த ஊர்க் குளிரில் அறைக்குள் தனியாக அடைந்து கிடக்காமல், சனி ஞாயிறுகளில் நாலு பேரோடு வெளியே போய் வா. நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் தாண்டியவன் நீ. பொன்மலைப் பணிமனைப் பழைய நண்பர்கள் எங்கே பார்த்தாலும் உன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கும் சொல்லிக்கொள்ளப் பெருமைதான். அவ்வளவு பெரிய வேலை பார்க்கிறவனுக்கு, பெற்றவளிடம் வாரத்தில் பத்து நிமிடம் பேச நேரமில்லையா என்ற வருத்தமும் இருக்கிறது. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

கடைசியாக நீ பேசியது வைகாசியில். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்துவைப்பது போல, நிறுத்தி நிறுத்திப் பேசினாய். குரல் கனத்திருக்கிறதே என்று அம்மா கேட்டதற்குச் சளி என்றாய். அவள் நம்பினாள், கஷாயம் போட்டுக் குடிக்கச் சொன்னாள். தம்பி, அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். நாக்கு குழறுவது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பல வருடம் நம் வீட்டு வாசற்படியில் நின்று பேசியவன் நான். சளி என்றுதான் நானும் அவளிடம் சொல்வேன்.

உன் கல்லூரிக் கடைசி ஆண்டு நிகழ்ச்சிக்கு நான் வராததற்குப் பணிமனையில் ஆடிட் என்று சொன்னேன். ஆடிட் எதுவும் இல்லை. அன்று நாலு மணிக்கே பெர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒரு மணி நேரம்தானே என்று ஜங்ஷன் பக்கத்துக் கடைக்குள் போனவன், உங்கள் அரங்க வாசலுக்கு வந்து சேர எட்டு ஆகிவிட்டது. உள்ளே டிரம்ஸ் சத்தம் கேட்டது. வாசிப்பது நீதான் என்று சொல்ல எனக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. உன் நண்பர்களின் பெற்றோர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என் வாடையோடு போய் உட்காரத் துணிவு வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நின்று கேட்டுவிட்டு, விளக்குப் போடுமுன் திரும்பிவிட்டேன். அம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் நீ வாசித்திருப்பாய். மறுநாள் காலை, “ஆடிட் முடிஞ்சுதாப்பா?” என்று கேட்டு என் முகத்தையே பார்த்தாய். நீ அறிந்திருந்தாய் என்று எனக்கும் தெரியும். அதன் பிறகு நீ டிரம்ஸைத் தொடவே இல்லை. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்டால் பதில் என்னிடம்தான் வந்து நிற்கும் என்ற பயத்தில்.

சேலத்தில் நடந்தது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நான் குடியைத் தொடவில்லை. பதினோரு வருடம் ஆகிறது. முதல் நாற்பது நாள் கை நடுங்கியது, சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம்கூட அதைச் சொல்லாமல் தனியாகக் கிடந்தது பெரிய தவறு. ஒரு டாக்டரிடம் போன பிறகுதான் வழி பிறந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு நான் இழந்த நாட்கள் அதிகம்.

உன் குச்சிகள் இரண்டும் என் பீரோவில்தான் இருக்கின்றன. ஒன்றின் நுனி நார்நாராகப் பிரிந்து, நீ சுற்றிய கறுப்பு டேப்போடு அப்படியே இருக்கிறது. பரணில் இருக்கும் டிரம்ஸை இறக்கித் துடைத்து வைக்கிறேன். நீ வரும்போது வாசி. நான் முன்னால் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு முடியாவிட்டால் வேறு எந்த நேரமானாலும் என் கைபேசிக்குப் பேசு. நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன். எந்தக் குரலில் பேசினாலும் பரவாயில்லை, என்னிடம் சளி என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை அம்மா படிக்கவில்லை. உறையை நானே ஒட்டிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா