பிட்ஸ்டோன் காற்றாலையின் இரண்டு ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றாலை என்றதும் இன்று மின்சாரமே நினைவுக்கு வருகிறது. காற்றைக் கொண்டு தானியம் அரைத்த கிராமத்து ஆலை ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் வழியே சில செய்திகளைப் பகிர விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பிட்ஸ்டோன் என்னும் ஊரையொட்டிய வயலில் ஒரு பழைய மரக் காற்றாலை நிற்கிறது. அதன் சட்டகத்தில் 1627 என்று செதுக்கப்பட்டிருப்பதால், அதையே ஆலை பிறந்த ஆண்டாகப் பலரும் கொள்கின்றனர். ஆனால் அது ஏதோ ஒரு பழுதுபார்ப்பின்போது செதுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். காற்றிலும் மழையிலும் நின்று உழைக்கும் மர ஆலையில் உத்தரமும் இறக்கையும் அவ்வப்போது மாற்றப்பட்டே வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இவ்வகை ஆலையின் முழுக் கட்டடமும் நடுவிலுள்ள ஒரே தடித்த தூணின் மீது அமர்ந்திருக்கும். காற்றின் திசை மாறும்போதெல்லாம், பின்புறம் நீண்டிருக்கும் மரத்தண்டைத் தள்ளிக் கட்டடத்தையே காற்றுக்கு எதிரே திருப்பியாக வேண்டும். முன்னிருந்து வரும் விசையைத் தாங்கவே இறக்கைகள் அமைக்கப்பட்டிருப்பதால், பின்னிருந்து அடிக்கும் புயல் அவற்றைப் பிய்த்துவிடக்கூடும். உள்ளே கீழ்க்கல் அசையாதிருக்க, மேற்கல் அதைத் தொடாமல், மயிரிழை இடைவெளியில் சுழலும். கற்களில் வெட்டிய பள்ளங்கள் தானியத்தை நறுக்கி மாவை விளிம்புக்குத் தள்ளும். அவை தேய்ந்ததும் மேற்கல்லைத் தூக்கிப் புரட்டிப் போட்டு, உளி பிடித்துக் கொத்த வேண்டும். இத்தனையும் தெரிந்த கை இல்லாவிட்டால் காற்று இருந்தும் பயனில்லை.

1902-இல் வீசிய கடும் புயலில் பிட்ஸ்டோன் ஆலை பெரும் சேதமடைந்தது. செப்பனிடச் செலவு கட்டுப்படியாகாததால் அப்படியே கைவிடப்பட்டது. 1937-இல் அது, பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் நன்கொடையாக அளிக்கப்பட்டபோதும் பாழடைந்தே கிடந்தது. 1963-இல் தன்னார்வலர்கள் சிலர் தங்கள் சொந்தச் செலவில் சீரமைப்பைத் தொடங்கினர். 68 ஆண்டுகள் ஓய்ந்திருந்த ஆலை 1970-இல் மீண்டும் தானியம் அரைத்தது.

பழமை என்றால் மிகப் பழைய ஆண்டை மட்டும் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இவ்வாலையைப் பற்றித் தங்கள் நாளிதழில் எழுத நேரும்போது, 1627-க்குத் தரும் அதே இடத்தை 1970-க்கும் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்