மரக்கன்றுக்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. கைவிட்ட குவாரி உங்கள் குழுவின் பொறுப்புக்கு வந்தது பெரிய சேதி. ஆனால் முதல் மழைக்கே ஆயிரம் கன்று நடப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதை ஒரு வருடம் தள்ளிப்போடு.

இரண்டாவது படத்தில், பாறைச் சுவரின் ஒரு திட்டுக்குக் கீழே வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கிறது, பார். ஆந்தையோ வல்லூறோ வழக்கமாக உட்காருகிற இடம். அந்தச் சுவரைச் சரித்துவிடாதீர்கள். கல் உருளும் அபாயம் இருந்தால் அடிவாரத்தில் ஆள் போகாமல் வேலி போடுங்கள். விழுந்த கற்குவியலில் பல்லியும் பாம்பும் தங்கட்டும்.

செலவு செய்ய வேண்டியது தண்ணீரில்தான். நாலு பக்கமும் செங்குத்தாக இருக்கும் குழியில் கோரை வேர் பிடிக்காது, உள்ளே விழுந்த ஆடும் ஏற முடியாது. ஒரு கரையையாவது 10 அடிக்கு 1 அடி இறக்கமாக மண்ணும் கல்லும் கொட்டிச் சரியுங்கள். அந்தக் குழியிலிருந்து தள்ளி, கோடையில் வற்றிப்போகிற சிறு குட்டைகள் நாலைந்து தோண்டுங்கள். வற்றுவதால் அவற்றில் மீன் நிலைக்காது, தலைப்பிரட்டை பிழைக்கும். மீன் விட வேண்டும் என்று ஊரார் கேட்டால் பெரிய குழியைக் கொடுங்கள், குட்டைகளில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

லாரி ஓடி இறுகிய தரையில் வேர் கீழே இறங்காது. தரை உலர்ந்திருக்கும்போது 50 செ.மீ. ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கிளறுங்கள். ஈரத்தில் கிளறினால் மண் பிசைந்து இன்னும் இறுகும். எல்லா இடத்திலும் மேல்மண் பரப்பாதீர்கள். வளமான மண்ணில் முதலில் எழும்புவது களைதான். ஒரு பகுதி வெறும் சரளையாகவே கிடக்கட்டும், ஆட்காட்டிக் குருவி அங்கேதான் முட்டையிடும்.

மரத்துக்குக் கென்யாவின் மொம்பாசா குவாரியை நினைத்துக்கொள். 1971இல் ரெனே ஹாலர் என்ற வேளாண் வல்லுநர் அங்கே 26 வகை நட்டார், பிழைத்தவை 3. அதில் ஒன்று சவுக்கு, வேர் முடிச்சில் நைட்ரஜன் பிடிப்பது. உதிர்ந்த சவுக்கு இலை மட்காமல் கிடந்தபோது மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள்; அவை தின்று கழித்துத்தான் மண் உண்டாயிற்று. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. நீங்களும் வகைக்குப் பத்துக் கன்று வைத்து ஒரு கோடையைத் தாண்டுகிறதா பாருங்கள்.

வரைபடம் போடுமுன் அங்கே இப்போது யார் வருகிறார்கள் என்று கேளுங்கள்: ஆடு மேய்ப்பவர், துணி துவைப்பவர், குறுக்கே நடப்பவர், நீந்தும் பிள்ளைகள். அவர்கள் வழியில் வேலி போட்டால் ஒரே மாதத்தில் வெட்டுப்படும். சரித்த கரையைத் துவைக்கக் கொடுத்து, ஆட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் மற்ற பக்கத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். லாரி நுழையும் வழியைப் பெரிய கற்களால் அடையுங்கள். இல்லாவிட்டால் குப்பை வந்து விழும்.

பொக்லைன் பேசுவதற்குமுன் கடைக் கோடையில் குழியின் நீர்மட்டத்தை அளந்து எழுது. கரையை எந்த மட்டத்தில் சரிப்பது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் நண்பன்