முத்தம் கடைசி அஞ்சு நிமிஷத்துல தான், அது பாட்டிக்கும் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நம்ம பேப்பர்ல கிறிஸ்துமஸ் டிவி படங்களை கிண்டல் பண்ணி வந்த கட்டுரைய டியூட்டி பிரேக்ல படிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, எழுதினவர் நல்லாவே சிரிக்க வெச்சிருக்காரு. சிட்டில பெரிய வேலைல இருக்கற பொண்ணு டிசம்பர்ல சொந்த ஊருக்கு வருவா, அங்க கிறிஸ்துமஸ் மரம் வளர்த்து விக்கற ஒருத்தன் கட்டம் போட்ட சட்டையோட நிப்பான், முதல்ல ரெண்டு பேருக்கும் ஆகாது, அப்புறம் ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டற போட்டில ஒரே டீம்ல மாட்டிப்பாங்க, சிட்டில இருக்கற பாய்ஃபிரண்ட் எப்ப பாத்தாலும் ஃபோனும் கையுமாவே இருப்பான்... எல்லாம் கரெக்ட், ஒரு வரி கூட பொய் இல்ல. ஆனா கடைசில "முடிவு தெரிஞ்ச படத்தை மனுஷன் எதுக்கு பாக்கணும்"னு கேட்டு முடிச்சிருக்காரு பாருங்க, அங்க தான் எனக்கு சுருக்குனுச்சு. அந்த கேள்விக்கான பதில் நான் வேலை பாக்கற இடத்துல தினமும் வீல்சேர்ல உக்காந்திருக்கு.

நான் இங்க கனடாவுல ஒரு முதியோர் இல்லத்துல பிஎஸ்டபிள்யூ, பெர்சனல் சப்போர்ட் வொர்க்கர். அதாவது குளிக்க வைக்கறது, சாப்பாடு ஊட்டறது, டிரெஸ் மாத்தறது, படுக்க வைக்கறது. எங்க லவுஞ்ச்ல ஒரு பெரிய டிவி இருக்கு. அக்டோபர் கடைசி ஆச்சுன்னா அதுல டபிள்யூ நெட்வொர்க்ங்கற சேனல் தான், ஹால்மார்க் படம் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடிட்டே இருக்கும் (ஹால்மார்க்னதும் நகைக்கடைக்கு போயிடாதீங்க, இது வாழ்த்து அட்டை கம்பெனி). நான் முழுசா உக்காந்து பாத்தது நாலோ அஞ்சோ தான் இருக்கும், ஆனா பாதி, கால்வாசின்னு ட்ரேய தள்ளிட்டு போறப்போ பாத்தது எத்தனைன்னு எனக்கே கணக்கு கிடையாது.

எங்ககிட்ட ஒரு பாட்டி இருக்காங்க, டிமென்ஷியா. மத்தியானம் சாப்பிட்டது மூணு மணிக்கு ஞாபகம் இருக்காது. நியூஸ் போட்டா பயந்துடுவாங்க, வெளிய சண்டை நடக்குதான்னு ஜன்னல பாப்பாங்க. கொலை கேஸ் சீரியல் போட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரு இவன் யாரு இவன்னு கேட்டு கேட்டு கடைசில அழுதுடுவாங்க, கதை கைல நிக்க மாட்டேங்குதுங்கற தவிப்பு அது. ஆனா இந்த கிறிஸ்துமஸ் படம் ஓடினா அந்த தவிப்பே இருக்காது. எந்த நிமிஷத்துல கொண்டு வந்து உக்கார வெச்சாலும் அவங்களுக்கு படம் புரியுது.

அது தற்செயலா வந்த விஷயம் இல்லீங்க, அப்படித்தான் கட்டறாங்க. ரெண்டு மணி நேர ஸ்லாட்ல படம் 84 நிமிஷம் பக்கம் தான் வரும், மிச்சமெல்லாம் விளம்பரம். அதனால கதைய ஒன்பது துண்டா பிரிச்சு எழுதறாங்க, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முன்னாடி ஒரு சின்ன கொக்கி, திரும்பி வந்ததும் யாராவது ஒருத்தர் மேட்டர் என்னன்னு மறுபடி சொல்லிடுவாங்க, "24-ம் தேதிக்குள்ள பணம் கட்டலன்னா இந்த விடுதி கைய விட்டு போயிடும்"ங்கற மாதிரி. அடுப்புல வேலையா இருக்கறவங்க, நடுவுல வந்து உக்கார்றவங்க, தூங்கி எழுந்தவங்க எல்லாரும் அங்கேருந்து ஏறிக்கலாம். சத்தத்தை ம்யூட் பண்ணா கூட பரவால்ல, ஒவ்வொரு ஃபிரேம்லயும் சிவப்பும் பச்சையும் இருக்கும், அவ சிவப்பு கோட்டு போட்டு நின்னா அவன் பச்சை ஸ்கார்ஃப் சுத்தியிருப்பான், ஜோடி யாருன்னு கண்ணு மங்கலா தெரியறவங்களுக்கும் தெரிஞ்சிடும். முக்கால்வாசி படத்துல ஒரு தடவை முத்தம் கொடுக்கப் போவாங்க, சரியா அப்போ காலிங்பெல் அடிக்கும், இல்ல குழந்தை ஓடி வரும், இல்ல ஓவன் கத்தும். எங்க பாட்டி அந்த இடத்துல ஒவ்வொரு தடவையும் "அய்யோ"ன்னு கைய தொடைல தட்டிப்பாங்க. அப்புறம் ஒருத்தர் பேசறத இன்னொருத்தர் அரைகுறையா கேட்டு கோச்சுக்கிட்டு கிளம்பற சீன் வரும், அப்போ டிவிய பாத்து திட்டுவாங்க, "நின்னு முழுசா கேளேன்டி"ங்கற மாதிரி. காலைல போட்ட படத்தையே சாயங்காலம் போட்டாலும் அதே "அய்யோ", அதே திட்டு.

நம்ம கூத்துல துச்சாதனன் சாவான், திரௌபதி கூந்தல முடிவாங்கறது தெரியாமலா நம்ம தாத்தா பாட்டி விடிய விடிய பாய் விரிச்சு உக்காந்தாங்க? தெரிஞ்சு தான் உக்காந்தாங்க. இதை நான் ரொம்ப இழுக்கல, கூத்தும் இந்த படமும் ஒண்ணுன்னு சொல்லி அடி வாங்க நான் தயாரில்ல.

2017-ல நெட்ஃபிளிக்ஸ் ட்விட்டர்ல ஒரு பதிவு போட்டுச்சு, கட்டுரையாளருக்கு ஞாபகம் இருக்கலாம். அவங்களோட ஒரு கிறிஸ்துமஸ் இளவரசன் படத்தை 18 நாளா தினமும் பாத்த 53 பேர் இருக்காங்களாம், அவங்கள பாத்து "உங்கள யாருப்பா இப்படி காயப்படுத்துனது"ன்னு கேட்டாங்க. ஊரே சிரிச்சுது, நாம என்ன பாக்கறோம்னு கம்பெனி எட்டிப் பாக்குதேன்னு கொஞ்ச பேர் கோவப்பட்டாங்க. எனக்கு அப்போ தோணுனது வேற. அந்த 53-ல நாலு எங்களுது மாதிரி லவுஞ்சா இருந்தா என்ன பண்ணுவாங்க? ரிமோட்ட யாரோ மேல வெச்சுட்டு போயிருப்பாங்க, படம் முடிஞ்சதும் நர்ஸ் வந்து மறுபடி அமுக்கியிருப்பாங்க, அவ்ளோ தான்.

இந்த படங்களை போடற ஹால்மார்க் ஒரு வாழ்த்து அட்டை கம்பெனிங்கறத யாரும் யோசிக்கறதே இல்ல, எனக்கு பாதி விஷயம் அதுலயே விளங்கிடுது. 1910-ல ஜாய்ஸ் ஹால்னு ஒரு 18 வயசு பையன் ரெண்டு ஷூ பெட்டி நிறைய போஸ்ட்கார்டோட கான்சாஸ் சிட்டில வந்து இறங்கினான், அதுதான் ஆரம்பம். 1951 டிசம்பர் 24 ராத்திரி அந்த கம்பெனி ஸ்பான்சர் பண்ணி அமெரிக்காவோட என்பிசி டிவில ஒரு ஓபரா, அதாவது பாட்டாவே நடக்கற நாடகம், போட்டாங்க, டிவிக்குன்னே எழுதி வாங்கின ஓபரா, நல்ல தரமான சமாச்சாரம். சேனலுக்கு ஹால்மார்க்னு பேர் வந்தது 2001-ல, வரிசையா கிறிஸ்துமஸ் படமா போடற இந்த சீசன் கவுண்ட்டவுன் 2009-லேருந்து, கொரோனாவுக்கு முந்தி 2019-ல எல்லாம் ஒரே சீசனுக்கு 40 புதுப் படம். இப்போ சொல்லுங்க, வாழ்த்து அட்டைய யாராவது புதுசா ஏதோ எழுதியிருக்கும்னு நினைச்சா வாங்கறோம்? அச்சடிச்ச வரி எல்லாருக்கும் ஒண்ணு தான், கீழ நாம பேர் எழுதறோம். எங்க பாட்டியும் அதத்தான் செய்யறாங்க, படத்துல ஸ்கேட்டிங் சீன் வந்தா அவங்க புருஷன் உறைஞ்ச குளத்துல வழுக்கி விழுந்த கதைய எங்ககிட்ட சொல்லுவாங்க, அந்த கதை மட்டும் எப்படியோ ஞாபகம் இருக்கு.

கட்டுரைல "மலிவா எடுத்த படம்"னு ஒரு வார்த்தை. மலிவு தான், சினிமா கணக்குல. பதினஞ்சு நாள் சுமாருக்கு ஷூட்டிங் முடிச்சுடறாங்க. ஆனா அந்த மலிவு நம்ம தலைல தான் ஓடுது சார், அமெரிக்க கிராமம்னு காட்டறதுல பெரும்பகுதி கனடா தான், பிரிட்டிஷ் கொலம்பியால ஃபோர்ட் லாங்லி, ஒண்டாரியோல ஆல்மான்ட், நார்த் பே. கொடி மாறும், நம்பர் பிளேட் மாறும், அமெரிக்கா ரெடி. கனடா டாலர் அவங்களுக்கு சல்லிசு, அதுபோக இங்க உள்ளவங்களுக்கு கொடுக்கற சம்பளத்துல 16 சதவீதம் மத்திய அரசே வரிச்சலுகையா திருப்பி தருது, மாகாணம் தர்றது தனி. கூட வேலை செய்யற ஒரு அக்காவோட பையன் ஒரு படத்துல கூட்டத்துல நின்னான். ஜூலை மாசம். கம்பளி கோட்டு, தொப்பி, கையுறை, சுத்தி நுரையும் பேப்பர் தூளும் வெள்ளை போர்வையும் விரிச்ச பனி, கைல காலி கப், அதுல சூடா கோகோ இருக்கற மாதிரி ஊதி ஊதி குடிக்கணும். வேர்வைய துடைக்கறதுக்குன்னே ஒரு ஆள் பேப்பர் டவலோட சுத்திட்டு இருந்தாராம். அதுலேருந்து நான் ஒண்ணு கவனிக்க ஆரம்பிச்சேன், அந்த பனிக்குள்ள நின்னு பேசற யாரோட வாயிலேருந்தும் புகை வராது. இங்க ஜனவரில பஸ் ஸ்டாப்ல நின்னவங்களுக்கு அது ஒண்ணு போதும் சிரிக்க.

மாறவே மாறாத படங்கள்னு எழுதினதும் தப்பு. 2019 டிசம்பர்ல ரெண்டு மணப்பெண்கள் முத்தமிடற ஒரு விளம்பரத்தை ஹால்மார்க் சேனல் எதிர்ப்புக்கு பயந்து எடுத்துச்சு, அப்புறம் எடுத்ததுக்கு அதைவிட பெரிய எதிர்ப்பு வந்து சில நாள்லயே மன்னிப்பு கேட்டாங்க. அடுத்த மாசமே தலைமை அதிகாரி விலகினாரு, வேற ஒரு சேனல் பக்கம் போனாரு, 2022-ல அவங்க முக்கிய நடிகை ஒருத்தரும் அங்க போயிட்டாங்க. அதே 2022-ல ஹால்மார்க்ல ரெண்டு ஆண்களே காதல் ஜோடியா முழு கிறிஸ்துமஸ் படம் வந்துச்சு. அப்படி ஒரு படம் லவுஞ்ச்ல ஓடினப்போ யாராவது சத்தம் போடுவாங்களோன்னு நான் ரிமோட்ட பக்கத்துலயே வெச்சிருந்தேன். ஒரு தாத்தா மட்டும் வாய திறந்தாரு, "அந்த வீட்டு வாசப்படி நல்ல மரத்துல பண்ணியிருக்கான்"னாரு, அவர் தச்சர்.

சரி, எனக்கு குறையே இல்லையான்னா இருக்கு, கட்டுரையாளர் கண்ணுல படாத குறை. அந்த படத்துல வர்ற ஊர்ல டிசம்பர் 25 அன்னிக்கு யாரும் ஷிப்ட்ல இல்ல. ஒருத்தர் கூட. ரோட்டுல பனி அள்றவன் கிடையாது, ஆம்புலன்ஸ் கிடையாது, ராத்திரி டியூட்டிக்கு லஞ்ச் பாக்ஸ் எடுத்துட்டு பஸ் ஏறற ஆள் கிடையாது. ஹீரோயினுக்கு வேலைன்னா பத்திரிகை, மார்க்கெட்டிங், ஈவென்ட் பிளானிங், அதையும் கடைசில தூக்கி போட்டுட்டு பேக்கரி வெச்சுடுவா, வாடகை யார் கட்டறா தெரியல. நான் பாத்த வரைக்கும் ஒரு பிஎஸ்டபிள்யூ வந்ததில்ல. இன்னொண்ணு, அந்த படங்கள்ல கட்டாயம் ஒரு பாட்டி இருப்பாங்க, கண்ணு பளபளன்னு, குக்கீ சுட்டு கொடுத்துட்டு பேத்திக்கு சரியான நேரத்துல சரியான புத்திமதி சொல்ற பாட்டி. அந்த பாட்டிக்கு ஒண்ணுமே மறக்காது. படத்தை உண்மைல உக்காந்து பாக்கற பாட்டிக்கு பேத்தி பேரே ரெண்டு நாளா வர மாட்டேங்குது. அவங்களுக்கு ஒரு படம் எடுங்கன்னா எடுக்க மாட்டாங்க, அது எனக்கும் தெரியும்.

போன வருஷம் 25-ம் தேதி எனக்கு சாயங்கால ஷிப்ட், ஒன்றரை மடங்கு சம்பளம்னு நானே கேட்டு வாங்கினது தான், அழுகாச்சி கதை இல்ல. ராத்திரி ஒன்பது ஐம்பதுக்கு பாட்டிய படுக்க வைக்க போனேன், வர மாட்டேன்னுட்டாங்க. இன்னும் நாலு ரூம் பாக்கி எனக்கு. "இவங்க சேர்ந்துடுவாங்களா"ன்னு கேட்டாங்க. கடிகாரத்தை பாத்து அஞ்சு நிமிஷம் இருக்கு பாட்டின்னு சொன்னேன். "அதெப்படி உனக்கு தெரியும்"னு ஆச்சரியமா பாத்தாங்க. அதுக்குள்ள விளம்பரம் போட்டுட்டான், நான் சேர் கைப்பிடி மேல உக்காந்தேன், ரெண்டு பேரும் ஒரு டூத்பேஸ்ட் விளம்பரத்தையும் கார் விளம்பரத்தையும் முழுசா பாத்தோம்.

கட்டுரை எழுதினவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். அவர் எந்த படத்தையும் கடைசி வரைக்கும் பாக்கல, பாதில சேனல் மாத்திட்டாரு, நல்லா தெரியுது. அத்தனை கிண்டல் பண்ணவரு முத்தம் கொடுத்த அந்த நொடில சரியா மேலேருந்து பனி விழ ஆரம்பிக்கும்ங்கறத எழுதாம விட்டுட்டாரே.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி