பார்சலைப் பிரிக்கவில்லை

தருமபுரி

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தை வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது. உன் பேருக்கு ஒரு பார்சல் வந்தது, நல்ல கனம். மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்தேன், நாலு சக்கரத்துக்கும் காயில்ஓவர், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட். பிரிக்கவில்லை. விலையும் கேட்கவில்லை. உங்கம்மாவிடம் டயர் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆட்டோகிராஸில், அந்தக் கோன் வைத்து நேரம் பார்க்கும் பந்தயத்தில், உனக்கு 64 விநாடி, உன் கூட்டாளி உன் ஸ்விஃப்டையே எடுத்து 61 என்று சொன்னாயே, அதுதான் நீ கடைசியாகப் பேசியது. வேலை இருக்கும். பிரேக் ஆயில் மாற்றினாயா என்று அன்றைக்கே கேட்டேன், பதில் வரவில்லை.

அந்த 3 விநாடி வண்டியில் இல்லை தம்பி. வண்டி ஒன்று, டயர் ஒன்று, ஆள்தான் வேறு. அந்தப் பந்தயத்தில் முக்கால்வாசி நேரம் இரண்டாவது கியர்தான். எக்ஸாஸ்ட் மாற்றி வருகிற கொஞ்சம் பவரை அங்கே எங்கே செலவழிப்பாய்? திறந்த ஏர் ஃபில்டர் போட்டால் பானெட்டுக்குள் இருக்கிற சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும்.

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஸ்லாலத்தில், வரிசைக் கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் இடத்தில், கோன் பக்கத்தில் வந்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறாய். முதல் கோனில் ஒரு சாண் தாமதம், நாலாவது கோனில் ஒரு வண்டி அகலம் ஆகிவிடுகிறது. கோன் கதவுக்கு நேரே வரும்போது கை அடுத்த பக்கத்துக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கண் இரண்டு கோன் முன்னால் இருக்க வேண்டும். கடைசி வளைவில் வேகமாக நுழைந்து, முன்டயர் கத்தியதும் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்கிறாய். வழுக்குகிற டயரை மேலே ஒடித்தால் பிடிக்காது. ஆக்சிலரேட்டரை லேசாக விட்டு, ஸ்டியரிங்கையும் கொஞ்சம் நேராக்கு, பிடி தானாக வரும். ஆனால் ஒரு கோனைக்கூட நீ தட்டவில்லை. பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

தார்த் தரையாக இருந்தால் டயர் சூடேறும் முன்னே காற்றை முன்டயரில் 36 psi, பின்டயரில் 34 என்று வைத்து ஆரம்பி. ஓடுகிற முகமும் பக்கச்சுவரும் சேருகிற தோளில் மூன்று இடத்தில் சாக்பீஸால் கோடு போடு. ஓடி வந்து பார். தோளில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை, 2 ஏற்று. ஓடுகிற முகத்தின் ஓரத்திலேயே கோடு மிச்சமிருந்தால் 2 இறக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டயர் சூடேறிக் காற்று கூடும், திரும்ப அளந்து பார்க்க வேண்டும். பத்து ரூபாய் சாக்பீஸ் வேலை இது.

காயில்ஓவர் கெட்ட சாமான் இல்லை. உயரம், டாம்பிங் (ஷாக் அப்சார்பரின் இறுக்கம்), கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் நேரம் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று உனக்கே தெரியாது. முதலில் ஸ்டாக் வண்டியில், கம்பெனி சாமானோடேயே, 61 ஓட்டிக் காட்டு. அப்புறம் நானே மாட்டித் தருகிறேன்.

பிரேக் ஆயில் மாற்று. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். காற்றின் ஈரம் குடித்த பிறகு அது 155 வரை இறங்கிவிடலாம். அதற்கு மேல் போனால் லைனில் ஆவி கட்டி, பெடல் தரைக்கு இறங்கும். ரேஸ் பிரேக் பேட் போட்டிருந்தால் ரோட்டுக்குக் கழற்றிவிடு, சூடேறாமல் அது சரியாகப் பிடிக்காது. இங்கிருந்து நீ திரும்பும்போது தொப்பூர் இறக்கம் இருக்கிறது. மூன்றாவது கியரில் இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாதே.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ கேட்டாய் என்று முன் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டிக் கொடுத்தது நான்தான். வெட்டிய நுனி கிண்ணத்தில் சரியாக உட்காரவில்லை, அன்றைக்கே பார்த்தேன். ஷாக் அப்சார்பருக்கு ஓட்டம் குறைந்து, வளைவில் பம்ப் ஸ்டாப்பில், ஓட்டத்தின் முடிவில் இருக்கும் ரப்பர் கட்டையில், இடிக்கும், இடித்த கணமே முன்டயர் பிடியை விடும், அதுவும் தெரியும். மற்றவர் வண்டி என்றால் திருப்பி அனுப்பியிருப்பேன். நீ முகம் வாடக்கூடாது என்று வெட்டினேன். தப்பு என்னுடையது. ஒவ்வொரு தடவையும் நீ கிளம்பிய பிறகு, தொப்பூர் தாண்டிவிட்டேன் என்று உன் போன் வருகிறவரை பட்டறையில் எனக்கு வேலை ஓடாது.

கம்பெனி ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டியதும் நம் மெஷினிலேயே டோ, அதாவது முன்சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, பார்த்துவிடலாம். உன்னால் வர முடியாவிட்டால் சொல், ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டு நான் கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறேன். போனை மட்டும் எடு.

அப்பா