நகராட்சி பேஜ்ல முதல்ல தேதியைப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க ஊர் நகராட்சி ஆபீஸுக்கு எதிர்ல 11 வருஷமா ஜெராக்ஸ், ப்ரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். வரி கட்ட வர்றவங்க, பிறப்பு சான்றிதழ் எடுக்க வர்றவங்க எல்லாரும் "தம்பி, நாளைக்கு தண்ணி வருமா, நகராட்சி ஃபேஸ்புக்ல ஏதாவது போட்டிருக்காங்களான்னு பாரு"ன்னு என்கிட்ட கேக்குறதால தினமும் அந்த பேஜைத் திறந்து பாத்துடுறேன், அதனாலதான் இந்த கடிதம்.

போன மாசம் மெயின் பைப் உடைஞ்சு போச்சு. பேஜ்ல ஒரு போஸ்டர் வந்துச்சு, மேல வரிசையா ஃபோட்டோ, கீழ பெரிய எழுத்துல "நாளை குடிநீர் விநியோகம் இருக்காது". அவ்வளவுதான், எந்த வார்டு, என்ன தேதி, திரும்ப எப்ப வரும் எதுவும் இல்ல. பேஜ்ல பாக்குறவங்களுக்கு போட்ட நாளாவது தெரியும், ஆனா அதே படம் வாட்ஸ்ஆப்ல போயிட்டா அதுவும் தெரியாது. நாலு நாள் கழிச்சும் அந்த "நாளை" தெரு க்ரூப்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு. எங்க தெருவுல இட்லி கடை வச்சிருக்கிற அக்கா அதை நம்பி காசு கொடுத்து நாலு கேன் தண்ணி வாங்கி வச்சாங்க, விடிஞ்சா குழாயில தண்ணி கொட்டுது. அடுத்த வாரம் நிஜமாவே தண்ணியை நிறுத்தினாங்க, வந்தது அதே மாதிரி போஸ்டர்தான், பழசா இருக்கும்னு அக்கா விட்டுட்டாங்க, அரிசி ஊறப்போட சொட்டு தண்ணி இல்லாம அடுத்த நாள் கடையே திறக்கல. ஒரு நாள் வருமானம் போச்சு சார். தேதி, வார்டு நம்பர், நேரம், இந்த மூணும் இருந்திருந்தா போதும்.

என் கடைக்கு கண் பார்வை இல்லாத ஒரு ஐயா வருவார், போன்ல டாக்பேக் போட்டு எல்லாத்தையும் காதால கேட்டே படிச்சுடுவார். நகராட்சி போஸ்டர் வந்தா மட்டும் "படம்"னு சொல்லிட்டு போன் அடுத்ததுக்கு போயிடுது. அதுல என்ன இருக்குன்னு நான்தான் படிச்சு சொல்லணும். போஸ்டர்ல இருக்கிறதையே கீழ ரெண்டு வரி தமிழ்ல டைப் பண்ணி போட்டா அவரே கேட்டுக்குவார், நாமளும் பின்னாடி தேடி எடுக்கலாம்.

சொத்து வரி விஷயமும் இதே கதைதான். ஏப்ரலுக்குள்ள அரையாண்டு வரி கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, எங்க பேஜ்ல அந்த அறிவிப்பு வந்தது ஏப்ரல் 29 சாயங்காலம்! மறுநாள் என் கடையில நின்ன கூட்டத்தை நீங்க பாத்திருக்கணும், சர்வர் வேற சுத்துது, பாதி பேர் கட்ட முடியாமலே போனாங்க.

நான் அந்த பேஜைப் பாத்துக்கிற பையனைக் குறை சொல்லல. காண்ட்ராக்ட்ல வேலை பாக்குற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அவர், சொந்த போன்ல, சொந்த டேட்டாவுலதான் போஸ்ட் போடுறார். "அண்ணே, இன்ஜினியர் செக்‌ஷன்ல பைப் உடைஞ்சா என்கிட்ட யாரும் சொல்றதே இல்ல, விழா ஃபோட்டோ மட்டும் உடனே வந்துடும்"னு ஒரு தடவை சொன்னார். இதுக்கு முன்னாடி பேஜைப் பாத்தவர் டிரான்ஸ்ஃபர்ல போனப்ப பாஸ்வேர்டும் அவரோடயே போயிடுச்சு, அதனால புதுசா ஒரு பேஜ் ஆரம்பிச்சாங்க, பழசும் அப்படியே கிடக்குது, அதுல இன்னைக்கும் ஜனங்க தெருவிளக்கு எரியலன்னு எழுதிக்கிட்டு இருக்காங்க, அதைப் படிக்க யாருமே இல்ல. புது பேஜ்லயோ கமெண்ட்டையே மூடிட்டாங்க. அசிங்கமா எழுதுறவங்களுக்காக மூடினதா சொல்றாங்க, அந்த மாதிரி வார்த்தையைத் தானா மறைக்கிற வசதி ஃபேஸ்புக்லயே இருக்கு, அதை ஆன் பண்ணா போதுமே, அதுக்காக சாக்கடை அடைச்சிருக்குன்னு சொல்ல வர்றவங்க வாயையும் அடைக்கணுமா?

இது இஷ்டம் இருந்தா செய்யுற வேலை இல்ல. 2005 தகவல் அறியும் உரிமை சட்டம் 4ஆவது பிரிவுல, ஜனங்க மனு போட்டு கேக்குறதுக்கு முன்னாடியே அரசு அலுவலகம் தானா தகவலைச் சொல்லணும், அந்தந்த ஊர் மொழியில, அந்த ஊருக்கு ஏத்த வழியில சொல்லணும்னு இருக்கு, நோட்டீஸ் போர்டு, பேப்பரோட சேத்து இன்டர்நெட்டையும் அதுலயே எழுதியிருக்காங்க. அரசு அலுவலகங்கள் சோஷியல் மீடியாவை எப்படி நடத்தணும், யார் பொறுப்பு, எவ்வளவு நேரத்துல பதில் சொல்லணும்னு முடிவு பண்ண மத்திய அரசு 2012லயே வழிகாட்டு நெறிமுறை கொடுத்திருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில யாருக்கு சாப்பாடு வேணும், எங்க படகு வேணும்னு ட்விட்டர்ல லிஸ்ட் போட்டு ராத்திரி பகலா ஓடினது பெரும்பாலும் தன்னார்வலர் பசங்கதான், அதை டிவியில பாத்தப்பவே இந்த ஏற்பாடு ஒவ்வொரு ஊர் ஆபீஸ்லயும் இருக்கணும்னு தோணுச்சு. இன்னைக்கு சென்னை மாநகராட்சியில 1913க்கு போன் பண்ணலாம், எக்ஸ்ல, அதாவது பழைய ட்விட்டர்ல, டேக் பண்ணியும் புகார் சொல்லலாம். சின்ன ஊர்னா எங்களுக்கு வேண்டாமா?

வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கப் போறேன். ஆபீஸ் பேர்ல ஒரு போன், ஆபீஸ் மெயில் ஐடியில ஒரே பேஜ், பாஸ்வேர்ட் ஆணையர் பொறுப்புல இருக்கணும், வால்வு மூடுறதுக்கு முன்னாடி இன்ஜினியர் செக்‌ஷன்ல இருந்து வார்டு, தேதி, நேரம் எழுதி ஆபரேட்டருக்கு வரணும், கமெண்ட்டைத் திறந்து விடணும், இவ்வளவுதான் கேட்டிருக்கேன். இதுவரைக்கும் 43 பேர் கையெழுத்து போட்டிருக்காங்க, முதல் கையெழுத்து இட்லி கடை அக்காவோடது.

இப்படிக்கு,
ப்ரவுசிங் சென்டர் நடத்தும் வாசகர்