சுருட்டுக்காரரின் பேரன்

பாளையங்கோட்டை
ஆகஸ்ட் 2025

அன்புள்ள கணபதி,

உன் கடிதமும் கூட வைத்திருந்த வம்சாவளி நகலும் போன வாரமே வந்துவிட்டன. கண்ணில் புரை எடுத்து இருபது நாள்கூட ஆகவில்லை. மருமகள் கண்ணில் படாமல் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். ஏழு தலைமுறை ஆண்களும் வரிசையாக நிற்கிறார்கள். பெண்களுக்கு ‘மனைவி’ என்பதோடு சரி, பெயர் இல்லை. உன் தாத்தாவுக்கு நேரே அந்த ‘மனைவி’யும் ஒன்றுதான். ரங்கூன் பாட்டி எங்கே போனார்? ‘பெரியப்பா சதாபிஷேகத்துக்கு அச்சடித்துக் கொடுக்கிறோம், அதெல்லாம் எதுக்குலே’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய்.

அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

மே 8ஆம் தேதி ராத்திரி புதிய பாப்பரசரின் பெயரை அறிவித்தபோது நாங்கள் எல்லோரும் டிவி முன்னால்தான். ராபர்ட் பிரிவோஸ்ட், சிகாகோக்காரர், இனிமேல் பதினான்காம் லியோ. பழைய ஜெபப் புத்தகத் தமிழில் சிங்கராயர்! எங்கள் தெருவிலேயே ரெண்டு சிங்கராயர் உண்டு, மறுநாள் அவர்கள் நடையே மாறிவிட்டது. அது கிடக்கட்டும். பெருவில் பல வருஷம் வேலை செய்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கி, சிக்லாயோவில் ஆயராக இருந்தவர் என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. நியூ ஆர்லியன்ஸில் ஜாரி ஹொனோரா என்ற வம்சாவளி ஆராய்ச்சியாளர் பழைய பதிவேடுகளைப் புரட்டிவிட்டு ஒரு சேதி சொன்னார், பேச்சு திசை மாறிவிட்டது.

பாப்பரசரின் அம்மா மில்ட்ரெட் மார்ட்டினெஸ். அவருடைய பெற்றோர் ஜோசப் மார்ட்டினெஸ், லூயிஸ் பாக்கியே. 1887இல் நியூ ஆர்லியன்ஸ் கோயில் ஒன்றில் கல்யாணம். ஏழாம் வார்டில் குடித்தனம். கிரியோல் மக்கள் நெருக்கி வாழ்ந்த பகுதி அது. பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க ரத்தம் கலந்த கத்தோலிக்கர்கள். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜோசப்புக்குத் தொழில் சுருட்டுச் சுற்றுவது, பிறந்த இடம் ஹெய்ட்டி, இனம் கறுப்பர். குடும்பத்தில் எல்லோருக்கும் அதேதான். அப்புறம் சிகாகோவுக்குக் குடிபெயர்கிறார்கள். 1920 கணக்கெடுப்பில் அதே குடும்பம் வெள்ளையர்!

ஆள் மாறவில்லை, ஊர் மாறியது. இப்படிக் கோடு தாண்டுவதற்கு அந்த ஊரில் ஒரு பெயரே உண்டு, ‘பாஸே பிளான்’. ஏன் தாண்டினார்கள் என்று கேட்பவர்கள் நியூ ஆர்லியன்ஸ் இருக்கிற லூசியானா மாநிலம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். ஹோமர் பிளெசி என்ற செருப்புத் தைப்பவர், எட்டில் ஏழு பங்கு வெள்ளை ரத்தம், வெள்ளையர் ரயில் பெட்டியில் உட்கார்ந்தார் என்று 1892இல் கைது. 1896இல் உச்ச நீதிமன்றமே பிரித்து வைப்பது சரி என்றது. 1898இல் லூசியானாவில் இன்னொரு வேடிக்கை: ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இல்லை சொத்து வேண்டும், ஆனால் 1867க்கு முன்னால் உன் அப்பாவோ தாத்தாவோ ஓட்டுப் போட்டிருந்தால் ஒன்றும் வேண்டாம். அடிமையாக இருந்தவன் எங்கே ஓட்டுப் போட்டான்? சுமார் 1,30,000 இருந்த கறுப்பு வாக்காளர்கள் நாலு வருஷத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் ஆனார்கள். தாத்தா யார் என்பதை வைத்து மனிதனை நிறுத்துப் பார்ப்பது நம்மூர்ப் பழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மில்ட்ரெட் படித்து நூலகர் ஆனார். ஊருக்கெல்லாம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர் வீட்டுக் கதையை மட்டும் எடுக்கவே இல்லை போலிருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் பேசியதே கிடையாது என்று பாப்பரசரின் அண்ணன் ஒருவர் பத்திரிகையில் சொன்னார். ஏழாம் வார்டில் அந்தப் பழைய வீடும் இல்லை. நெடுஞ்சாலை மேம்பாலத்துக்காக இடித்துவிட்டார்கள். எழுத்தர் எழுதி வைத்த பேரேடுதான் மிச்சம். சின்ன வயதில் நம்ம பங்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைத் துடைத்து அடுக்கியவன் நான். அந்தச் செல்லரித்த தாளுக்கு இப்படி ஒரு பலம் இருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

அப்பா வழி இன்னும் சுவாரசியம், உனக்காகவே சேர்த்து வைத்திருந்தேன். அப்பாவின் அப்பா சிசிலித் தீவில் மிலாட்சோவில் பிறந்தவர், பெயர் ரிஜித்தானோ. அமெரிக்காவில் மொழி வாத்தியார். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து வந்த சூசன் ஃபோன்டேனோடு பழக்கமாகி, விவகாரம் போலீஸ் வரைக்கும் போயிருக்கிறது. பிறகு அந்தக் குடும்பம் எடுத்துக்கொண்ட பெயர்தான் பிரிவோஸ்ட். அது சூசனுடைய அம்மாவின் பெயர். ஆக, உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் குடும்பப் பெயர் ஆண் வழியில் வந்ததே இல்லை. ஒரு கொள்ளுப்பாட்டி கொடுத்தது. உன் ஏழு ஆண்களையும் இந்த இடத்தில் கொஞ்சம் நினைத்துக்கொண்டேன்.

ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் ஒரு குழுவோடு முழு வம்சத்தையும் தோண்டியிருக்கிறார். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கியூபா, கனடா என்று கிளை போகிறது. பாடகி மடோனாவும் தூரத்துச் சொந்தமாம்! பதிவுகளில் கறுப்பர் என்று குறித்திருக்கும் முன்னோர் பதினேழு பேர். அதே மரத்தில் அடிமைகளை வாங்கி வைத்திருந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களிலும் சிலர் கறுப்பர்கள். அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் பேப்பரை மடக்கி வைத்துவிட்டேன். கேட்ஸ் ஜூலையில் வத்திக்கானுக்கே போய் அந்த மரத்தைப் பாப்பரசர் கையில் கொடுத்தார். எதையும் வெட்டாமல்தான் கொடுத்தார்.

உன் தாத்தாவைக் குறை சொல்லவில்லை. உன் அப்பாவையும் இல்லை. அவருக்கு இருந்த சங்கடம் எனக்குத் தெரியும். அறுபத்தெட்டில் உங்கள் வீட்டு மச்சில் ரங்கூன் பாட்டி போட்டோவைப் பார்த்தோமே, கொண்டையில் பூவும் லுங்கியுமாக? நீதான் சொன்னாய், சித்தப்பா மூக்கு அப்படியே இருக்கு என்று.

நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து வெறும் கட்டம் ஒன்று போட்டிருக்கிறேன். பென்சில்தான், வேண்டாம் என்றால் அழித்துவிடு. ஆனால் அதற்கு முன்னால் உன் கல்லிடைக்குறிச்சி அத்தையிடம் ஒரு தடவை பெயரைக் கேட்டுப் பார். அவருக்கு எண்பத்தெட்டு ஆகிறது, தள்ளிப்போடாதே.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். அடுத்த தடவை வரும்போது அந்தப் போட்டோவையும் கொண்டு வா.

அன்புடன்,
சவரி